அட்டை சேர்க்கும் பெண்கள்: கணக்கில் வராத வரலாறு

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சேர்க்கும் ஆண்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கதை தவறாமல் வரும். சின்ன வயதில் ஷூ பெட்டி நிறைய அட்டை வைத்திருந்தேன். நான் கல்லூரிக்குப் போன சமயம் அம்மா அறையைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டாள். அவை இருந்திருந்தால் இன்று நான் கோடீஸ்வரன். இந்த அம்மா கதை அந்த உலகத்தின் தலபுராணம். பழைய அட்டைகள் ஏன் அரிதாகிவிட்டன, ஏன் இந்த விலை விற்கின்றன என்று கேட்டால் முதலில் அம்மாவைத்தான் கைகாட்டுவார்கள்.

அரிய அட்டைகளில் மிகவும் பேர்போன ஒன்றின் கதையோ வேறு மாதிரி. டாப்ஸ் நிறுவனம் 1952ல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த அட்டை அடங்கிய கடைசித் தொகுதி, பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விலைபோகவில்லை. புரூக்ளின் கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது. 1960ல் அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்ட ஏற்பாடு செய்தவர் சை பெர்கர். அந்த அட்டைகளை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். கொட்டியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் கொட்டியது ரசமான கதையாக நிலைத்தது. அம்மா கொட்டியது குற்றச்சாட்டாக நிலைத்தது. விளையாட்டு அட்டை உலகில் பெண்ணுக்கு முதலில் கிடைத்த வேடம் இதுதான்: சேர்ப்பவள் இல்லை, அழிப்பவள்.

இந்தப் பொழுதுபோக்கில் பெண்களின் இடம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேள்வி ஒரே வடிவத்தில்தான் வருகிறது: பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலும் தயார். பெண்களுக்கு விளையாட்டில் நாட்டம் கிடையாது, புள்ளிவிவரம் பிடிக்காது, சேகரிப்புப் பித்து ஆண்களின் சொத்து. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அட்டை எந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது, எந்தக் கடையில் கிடைத்தது, அதில் யார் முகம் இருந்தது என்ற மூன்றும்தான் யார் சேகரிப்பாளர் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. பெண் மனம், ஆண் மனம் என்ற பேச்சுக்கெல்லாம் இதில் வேலை மிகக் குறைவு.

சேகரிப்பு ஆண்களின் குணம் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1900ல் கரோலைன் பர்க் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவின் பள்ளிப் பிள்ளைகளிடம் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பறவை முட்டை, தபால்தலை, சுருட்டுப் பட்டி, பொத்தான் என்று பட்டியல் நீண்டது. பையன்களிலும் சரி, பெண்பிள்ளைகளிலும் சரி, பத்தில் ஒன்பது பேர் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1990களில் பிரிட்டனில் அருங்காட்சியகவியல் அறிஞர் சூசன் பியர்ஸ் வயதுவந்தவர்களிடம் விரிவான கணக்கெடுப்பு நடத்தியபோது, சேகரிப்பவர்களில் பெண்களின் பங்கு ஆண்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. நூறாண்டு இடைவெளி விட்டு இரண்டு பெண்கள் இரண்டு நாடுகளில் கேட்டும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.

அதிலும் அட்டை சேர்ப்பது முதன்முதலில் பெண்பிள்ளைகளின் விளையாட்டாகத்தான் இருந்தது. 1870களிலும் 80களிலும் அமெரிக்காவில் வண்ண அச்சு மலிவானதும், சோப்பு, நூல்கண்டு, மருந்து, தையல் இயந்திரம் விற்றவர்கள் எல்லாரும் படம் போட்ட விளம்பர அட்டைகளைக் கடை மேசையில் இலவசமாக வைத்தார்கள். அவற்றை வாங்கிவந்து, வகை பிரித்து, பெரிய ஆல்பங்களில் பசை தடவி ஒட்டியவர்களில் பெரும்பாலானோர் சிறுமிகளும் இளம்பெண்களும். எலன் க்ரூபர் கார்வி 1996ல் எழுதிய ‘த ஆட்மேன் இன் த பார்லர்’ என்ற நூலில் இந்த ஆல்பங்களை நிதானமாகப் படித்துப் பார்க்கிறார். இந்தப் பெண்பிள்ளைகளை வரலாறு சேகரிப்பாளர்கள் என்று அழைக்கவில்லை. படம் ஒட்டி விளையாடினார்கள் என்றுதான் எழுதி வைத்தது. அதே வேலையை 1930களிலிருந்து ஜெஃபர்சன் பர்டிக் செய்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்து, வகைபிரித்துப் பட்டியல் போட்டு, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, பல ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். அவர் இந்தப் பொழுதுபோக்கின் தந்தை ஆனார். பர்டிக்கின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்கு மரியாதை தருவதுதான் நியாயம். ஆனால் பசையும் கத்தரியும் யார் கையில் இருந்தன என்பதைப் பொறுத்து ஒரே காரியத்துக்கு இரண்டு பெயர் வந்திருக்கிறது.

அட்டை ஆண்கள் பக்கம் சாய்ந்தது சிகரெட்டால். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டை வேண்டியிருந்தது. வெற்று அட்டை வைப்பானேன் என்று படம் அச்சடித்தார்கள். நடிகைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் வீரர்கள் எல்லாரும் பாக்கெட்டுக்குள் புகுந்தது அப்படித்தான். பெண்கள் பொதுவில் சிகரெட் வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. அட்டை வேண்டுமென்றால் அப்பனோ அண்ணனோ புகைக்க வேண்டும், அல்லது புகையிலைக் கடை வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் கேட்க வேண்டும். தெருவில் நிற்பது பையன்களால் ஆகும்.

இந்தக் கட்டத்தில் பெண்கள் இல்லாமலில்லை. அட்டையின் இரண்டு முனையிலும் இருந்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஆலன் அண்ட் கின்டர் தொழிற்சாலையில் சிகரெட்டைக் கையால் சுருட்டியவர்கள் இளம்பெண்கள், நூற்றுக்கணக்கில். பாக்கெட்டுக்குள் இருந்த படங்களிலும் பெண்கள்தான் அதிகம்: அரைகுறை ஆடையில் நடிகைகள். சிகரெட் உற்பத்தியாளர் ஜேம்ஸ் டியூக் தன் சிகரெட்டுகளோடு இத்தகைய படங்களை விற்பது பொறுக்காமல் அவருடைய தந்தை வாஷிங்டன் டியூக்கே 1894ல் கண்டித்துக் கடிதம் எழுதினார். சுருட்டுவதற்கும் பார்ப்பதற்கும் பெண்கள் வேண்டும். அட்டையை வைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம் என்பது அன்றைய ஏற்பாடு. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1887ல் ஆலன் அண்ட் கின்டர் வெளியிட்ட உலகச் சாம்பியன்கள் வரிசையின் ஐம்பது அட்டைகளில் துப்பாக்கி சுடும் வீரர்களின் நடுவே ஆனி ஓக்லி இருக்கிறார். இன்று விளையாட்டு அட்டை என்று நாம் சொல்லும் பொருள் பிறந்த முதல் சில ஆண்டுகளிலேயே, அழகுக்காக அல்லாமல் திறமைக்காக ஒரு பெண் அட்டையில் ஏறிவிட்டார். அது தொடராமல் போனதுதான் விஷயம்.

1930களில் அட்டை சிகரெட்டை விட்டுச் சூயிங்கத்துக்கு வந்தது. கூடை முழுக்க மிட்டாய் வைத்திருக்கும் தெருமுனைக் கடையில் ஒரு சென்ட்டுக்கு பபிள்கம்மும் அட்டையும் கிடைத்தன. அந்தக் கடைக்குப் பெண்பிள்ளைகளும் போனார்கள். பாஸ்டனின் கவுடி நிறுவனம் 1933ல் வெளியிட்ட ஸ்போர்ட் கிங்ஸ் வரிசையில் ஓட்டம், ஈட்டி எறிதல் என்று கலக்கிய பேப் டிட்ரிக்சனும் நீச்சல் வீராங்கனை ஹெலன் மேடிசனும் உண்டு. வரிசையின் பெயரில் இருந்ததென்னவோ அரசர்கள். 1964ல் டாப்ஸ் நிறுவனம் பீட்டில்ஸ் பாடகர்களின் அட்டைகளை வெளியிட்டபோது அவற்றை வாங்கிக் குவித்தவர்களில் பெண்பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பேஸ்பால் அட்டை விற்ற அதே கம்பெனி, அதே கடை, அதே பபிள்கம். பெண்பிள்ளைகள் காசு கொடுத்து அட்டை வாங்குவார்கள் என்பது அன்றைக்கே கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தும் விளையாட்டுப் பக்கம் ஒரு பெண்ணின் முகத்தை அச்சடிக்க அவர்களுக்குக் கை வரவில்லை.

அச்சடிக்க ஆள் இல்லாமலா? 1943 முதல் 1954 வரை அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை பேஸ்பால் லீக் நடந்தது. மைதானம் நிறையக் கூட்டம், பத்திரிகையில் செய்தி, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரிகள் எல்லாம் இருந்தும் பபிள்கம் கம்பெனிகள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1992ல் ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ என்ற திரைப்படம் வந்து ஊர் முழுக்கப் பேசிய பிறகு, 1995ல் லாரி ஃப்ரிட்ச் என்ற விஸ்கான்சின் வியாபாரியின் நிறுவனம் அந்த ஆட்டக்காரிகளின் அட்டைகளை வரிசையாக வெளியிட்டது. அதற்குள் அவர்கள் பாட்டிகள். பிற்பாடு வந்த அட்டையில் ஒரு நேர்மை உண்டு, ஒரு பயனின்மையும் உண்டு. 1948ல் அதைக் கையில் வாங்கியிருக்க வேண்டிய பத்து வயதுப் பெண்ணுக்கு அது கிடைக்கவே இல்லை.

இந்தக் குறை வெளிப்பட்டது ஒரு குழந்தையின் சேகரிப்பால். 1978ல் நியூயார்க் மாநிலத்தின் இர்விங்டனில் லோயிஸ் ரிச் என்பவரின் எட்டு வயது மகளும் தோழிகளும் பேஸ்பால் அட்டை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் படம் போட்ட அட்டை ஏன் உங்களிடம் இல்லை என்று தாய் கேட்கப்போக, அப்படி ஓர் அட்டையே கிடையாது என்பது தெரியவந்தது. லோயிஸ் ரிச்சும் அவருடைய சகோதரி பார்பரா ஈகர்மனும் சாதனை புரிந்த சுமார் 500 பெண்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முதலில் பதில் போட்ட 72 பேரை வைத்து, நியூயார்க் மாநிலக் கல்வித் துறையின் நல்கையோடு 1979ல் ‘சூப்பர்சிஸ்டர்ஸ்’ என்ற அட்டை வரிசை வெளியானது. மானுடவியலாளர் மார்கரெட் மீட், பெண்ணியச் செயல்பாட்டாளர் குளோரியா ஸ்டைனம், தொலைக்காட்சியின் ஜேன் பாலி, நாடகாசிரியர் என்டோசாகே ஷாங்கே, இவர்களோடு விளையாட்டு வீராங்கனைகள்.

சூப்பர்சிஸ்டர்ஸைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனாலும் அதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்தச் சிறுமி அட்டை சேர்ப்பதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே பேஸ்பால் அட்டை சேர்க்கிறவள். அவளுக்கு ஆட்டம் பிடிக்கும், அட்டை பிடிக்கும். பெரியவர்கள் அவள் கையில் கொடுத்ததோ எழுத்தாளர்களும் அறிஞர்களும் நிறைந்த ஒரு பாடத்திட்டம். கல்வித் துறை பணம் கொடுத்தால் அப்படித்தான் முடியும். பையனுக்கு அட்டை விளையாட்டாகவும் பெண்ணுக்கு அட்டை முன்மாதிரியாகவும் வந்து சேர்வது ஓர் அரை நீதி. ரன் கணக்கும் மட்டை சராசரியும் போட்ட ஓர் ஆட்டக்காரியின் அட்டையை, எந்தப் படிப்பினையும் இல்லாமல், பபிள்கம் வாசனையோடு அவளுக்குக் கொடுக்க 1979லும் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்தது கடை மாற்றம். இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஃப்ளீர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1980ல் தீர்ப்பு வந்ததும் டாப்ஸின் தனியாட்சி உடைந்தது. மறு ஆண்டே ஃப்ளீர், டான்ரஸ் என்று போட்டியாளர்கள் வந்தார்கள். புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட் 1984ல் மாதாந்தர விலைப் பத்திரிகை தொடங்கினார். அட்டைக்குப் பங்குச் சந்தை மாதிரி விலை ஏறுவதும் இறங்குவதும் ஆரம்பித்தது. மிட்டாய்க் கடையிலிருந்து அட்டை மெல்ல நகர்ந்து, அட்டைக்கென்றே திறந்த தனிக் கடைகளுக்கும் ஓட்டல் கூடங்களில் வாரக்கடைசியில் நடக்கும் கண்காட்சிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் நுழையும் இடத்தில் கிடைத்த பொருள், சிலர் மட்டும் நுழையும் இடத்துக்குப் போனது.

அந்தக் கூடங்களில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவர் ஜான் ப்ளூம். 1997ல் வெளியான அவருடைய ‘எ ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ அமெரிக்காவின் மத்திய மேற்கு வட்டாரத்துச் சேகரிப்பாளர்களைப் பற்றியது. அவர்கள் நடுத்தர வயது ஆண்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். தங்கள் பையன் பருவத்தைத் திரும்பப் பெறுவதுதான் அங்கே நடக்கிறது என்கிறார் ப்ளூம்: வேலை, குடும்பம், விவாகரத்து இவற்றுக்கெல்லாம் முந்தைய, பெண்கள் இல்லாத ஓர் உலகம். ப்ளூம் சொல்வதை ஏற்றால் பெண்கள் அங்கே தற்செயலாக விடுபட்டவர்கள் இல்லை என்றாகிறது. அவர்கள் இல்லாமலிருப்பதே அந்த இடத்தின் இன்பம். அம்மா குப்பையில் போட்ட கதையும், வாங்கிய அட்டையை மனைவி கண்ணில் படாமல் கார் டிக்கியில் ஒளித்துவைத்த வேடிக்கையும் அங்கே ஓயாமல் சொல்லப்படுவதன் காரணம் இப்போது விளங்கும். தாயும் மனைவியும் காவலாளிகளாக இருக்கும்வரைதான் ஐம்பது வயது மனிதர் பையனாக இருக்க முடியும்.

இத்தகைய கடைக்குள் ஒரு பெண் தன் சேகரிப்புக்காக நுழைந்தால் என்ன நடக்கும்? சேகரிப்பாளர்களான பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அனுபவம் ஒன்று உண்டு. ‘மகனுக்கா, கணவருக்கா?’ என்று கேட்பார்கள். பிறகு ஒரு சின்னப் பரீட்சை: இந்த ஆட்டக்காரரின் முதல் ஆண்டு அட்டை எது, சொல்லுங்கள் பார்ப்போம். அதே கடையில் ஓர் ஆணுக்கு அந்தக் கேள்வித்தாள் கிடையாது. பேரத்தில் விலையைக் கூட்டிச் சொல்வதும் இதன் தொடர்ச்சிதான். அட்டை விற்கும் இடம் சண்டை மூளும் இடமாகவும் மாறியது உண்டு. 2021 மே மாதம் விஸ்கான்சினின் ப்ரூக்ஃபீல்டில் டார்கெட் என்ற பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் அட்டைக்காக அடிதடி நடந்து துப்பாக்கி வெளியே வந்ததும், நாடெங்கும் தன் கடைகளில் அட்டை விற்பனையை அந்த நிறுவனம் நிறுத்திவைத்தது.

கடையைத் தாண்டி அட்டை வீட்டுக்கே வந்த வழிகளும் இருந்தன. பெண் முகங்கள் அந்த வழிகளில்தான் முன்னதாக வந்தன என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1970களின் இறுதியில் தபாலில் சந்தா கட்டிப் பெறும் ஸ்போர்ட்ஸ்காஸ்டர் அட்டைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் வெளிவந்தன; ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கோமனெச்சி, டென்னிஸ் வீராங்கனை கிறிஸ் எவர்ட் எல்லாரும் அவற்றில் உண்டு. 1989ல் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் ஃபார் கிட்ஸ்’ பத்திரிகை ஒவ்வோர் இதழிலும் கிழித்தெடுக்கத் தோதாகத் துளையிட்ட ஒரு தாளில் ஒன்பது அட்டைகளை வைத்தது. கால்பந்து வீராங்கனை மியா ஹாமுக்கு 1992லும் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சுக்கு 1999லும் அந்தத் தாளில்தான் அட்டை வந்தது. பத்திரிகை வீட்டுக்கு வரும், அண்ணனும் தங்கையும் ஒரே தாளைக் கிழிப்பார்கள். கடைக்காரரின் பரீட்சை அங்கே இல்லை. ஓரம் பிசிறில்லாமல் கிழித்தவர்கள் அப்போது மிகக் குறைவு. அதனாலேயே அப்படிக் கிழித்த அட்டைக்கு இன்று நல்ல விலை.

ஐரோப்பாவில் இதற்கு இணையானது பெட்டிக்கடை. கால்பந்து வீரர்களின் படங்களை ஒட்டும் பனினி ஸ்டிக்கர் ஆல்பத்தின் மூலக்கதையில் ஒரு பெண் இருக்கிறார்: ஓல்கா பனினி, கணவரை இழந்த தாய், 1945ல் இத்தாலியின் மோடனா நகரில் பத்திரிகை விற்கும் ஒரு கடையை வாங்கினார். அந்தக் கடையிலிருந்துதான் அவருடைய பிள்ளைகள் 1961ல் ஸ்டிக்கர் வியாபாரத்தைத் தொடங்கினார்கள். ஆனால் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பைக்கென்று பனினி முதல் ஆல்பம் போட்டது 2011ல். ஐம்பது ஆண்டு.

அமெரிக்காவில் 1997ல் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ முதல் பருவம் ஆடியது. அந்த ஆண்டே பினக்கிள் நிறுவனம் லிசா லெஸ்லி, ஷெரில் ஸ்வூப்ஸ், ரெபெக்கா லோபோ போன்றோரின் அட்டைகளைத் தகர டப்பாவில் அடைத்து விற்றது. உற்சாகம் நெடுநாள் நிற்கவில்லை. 2005 முதல் ரிட்டன்ஹவுஸ் என்ற சிறிய நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து அந்த வரிசையின் உயிரைப் பிடித்துவைத்திருந்தது. 2019ல் பனினி உள்ளே வந்தது. 2020ல் பெருந்தொற்று வீட்டுக்குள் முடக்கியபோது அட்டை வியாபாரமே பொங்கி எழுந்தது. அமெரிக்காவில் அட்டை விற்பனை அந்த ஓராண்டில் 142 சதவீதம் வளர்ந்ததாக ஈபே அறிவித்தது. அந்த அலையில் பெண்களின் அட்டைகளும் ஏறின. 2003ல் நெட்ப்ரோ வெளியிட்ட செரீனா வில்லியம்ஸ் அட்டை ஒன்று 2022ல் 2,66,400 டாலருக்குப் போனது. 2024ல் டபிள்யூஎன்பிஏவுக்குக் கெய்ட்லின் கிளார்க் வந்தார். 2025 ஜூலையில் அவருடைய கையெழுத்திட்ட ஒற்றை அட்டை 6,60,000 டாலரைத் தொட்டது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெண் ஆட்டக்காரியின் அட்டை விலை ஏறியதைக் காட்டி, பெண்கள் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். இவை இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஆறரை லட்சம் டாலர் அட்டையை வாங்குகிறவர் அதை முதலீடாக வாங்குகிறார்; மேன்டில் அட்டையை வாங்கும் அதே கை, அதே கணக்கு. விலை ஏறுவதால் ஒரு தீங்குகூட நேரலாம். பத்து டாலருக்குக் கிடைத்த வீராங்கனையின் அட்டையை இத்தனை நாள் ஆசையாகச் சேர்த்துவந்த பெண், இப்போது அதே வரிசையின் ஒரு பெட்டியைக்கூட வாங்க முடியாமல் நிற்பாள்.

இதன் மறுபக்கம், சேகரிக்கும் பெண் என்றால் பெண்களின் அட்டையைத்தான் சேர்ப்பாள் என்ற எண்ணம். கம்பெனிகள் பெண் வாடிக்கையாளரை நினைத்ததும் பெண் ஆட்டக்காரிகளின் வரிசை ஒன்றைப் போட்டுக் கடமையை முடித்துக்கொள்கின்றன. தன் ஊர் அணியின் பந்துவீச்சாளர் ஒருவருடைய எல்லா அட்டைகளையும் தேடும் பெண் இருக்கிறாள். தாத்தாவின் 1950களின் அட்டைகளை வாங்கிக்கொண்டு விட்டுப்போன எண்களை நிரப்புகிறவள் இருக்கிறாள். படத்தின் வடிவமைப்புக்காகவே சேர்ப்பவள் இருக்கிறாள். இவர்களை எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இந்தத் தொழிலுக்கு ஒருபோதும் முக்கியமாகப் படவில்லை. 1991ல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம், தன்னிடம் வந்த ஒவ்வோர் அட்டையும் எந்தத் தரத்தில் எத்தனை என்று பட்டியல் வைத்து வெளியிடுகிறது. மூலை மழுங்கலைப் பூதக்கண்ணாடியில் அளக்கும் ஒரு தொழிலில் மனிதர்களை எண்ணுவது மட்டும் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த ஊகத்தைத்தான் பெண்கள் குறைவு என்று நாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விளையாட்டு அட்டையை விட்டு ஓரடி நகர்ந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரியப் பாடகியர் குழுவின் 2010ஆம் ஆண்டு ‘ஓ!’ ஆல்பத்துக்குப் பிறகு கொரியப் பாடகர்களின் புகைப்பட அட்டைகள் பெரும் சந்தையாகிவிட்டன. சேர்ப்பவர்களில் மிகப்பெரும்பாலோர் இளம்பெண்கள். எந்த ஆல்பத்தின் எந்தப் பதிப்பில் யாருடைய அட்டை, எது அசல், எது போலி, இதற்கு அது ஈடாகுமா என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், ஐம்பதுகளின் பேஸ்பால் அட்டை பேசும் எந்த ஆணுக்கும் குறையாத நுணுக்கம். டாப்லோடர் என்கிற அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகூட விளையாட்டு அட்டைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். சென்னையிலும் மதுரையிலும் கொரியாவின் பிடிஎஸ் குழு அட்டையை டாப்லோடரில் போட்டு வைத்திருக்கும் கல்லூரிப் பெண்ணிடம் சேகரிப்பு ஆணின் குணம் என்று சொன்னால் சிரிப்பாள். அவளுடைய தந்தை தலைமுறையில் பிக் ஃபன் பபிள்கம் வாங்கிக் கிரிக்கெட் வீரர் அட்டைகளை, ரன்னும் விக்கெட்டும் கூட்டிக் கூட்டி, சேர்த்த பையன்கள் உண்டு. பெட்டிக்கடைக்குத் தனியாகப் போய் நிற்கும் சுதந்திரம் எந்த வீட்டில் யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த நினைவைப் படிக்க வேண்டும்.

இப்போது கடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வாட்நாட் போன்ற நேரலை ஏலச் செயலிகளில் ஒரு பெண் தன் வீட்டு மேசையிலிருந்து பாக்கெட் பிரித்து விற்கலாம். கண்காட்சியில் மேசை வாடகைக்கு எடுக்க வேண்டாம், யாரிடமும் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டாம். கதவு திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் பார்வையாளர் எழுதும் வரிகளில் அட்டையைவிட விற்பவளின் தோற்றம் அதிகம் அலசப்படும். புகையிலைப் பாக்கெட்டின் நடிகைப் படத்தைப் பார்த்த பார்வை அது. கதவு திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை.

விளையாட்டு அட்டையும் சேர்க்கும் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சம்பவம் 2025ல் கொரியாவில் நடந்தது. அங்கே பேஸ்பால் மைதானத்துக்குப் பெண்கள் திரண்டு வருகிறார்கள். 2024ல் பருவத்தின் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியபோது, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2025 மார்ச்சில் எஸ்பிசி சாம்லிப் என்ற ரொட்டி நிறுவனம், பேஸ்பால் வீரர்களின் ஸ்டிக்கர் வைத்த இனிப்பு ரொட்டியைத் தெருமுனைக் கடைகளில் இறக்கியது. நாற்பத்தோரு நாளில் ஒரு கோடி ரொட்டி விற்றுத் தீர்ந்தது. சிகரெட்டோடு வராமல் ரொட்டியோடு வந்தால், அட்டைக் கடைக்கு வராமல் பால் வாங்கும் கடைக்கு வந்தால், எவ்வளவு பேர் சேர்ப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்த ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி சிஹியுங் நகரில் அதே நிறுவனத்தின் ஆலையில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அந்தக் குழுமத்தின் ஆலைகளில் அதற்கு முன்பும் பெண்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ரிச்மண்டில் சிகரெட் சுருட்டிய பெண்களின் பெயரை அவர்கள் காலத்து அட்டை சேர்த்த யாரும் கேட்டதில்லை. கொரிய பேஸ்பால் ரசிகர்கள் கேட்டார்கள். ரொட்டியை வாங்க மாட்டோம், நம் லீக்கின் பெயரை அதிலிருந்து எடுங்கள் என்று கையெழுத்துத் திரட்டினார்கள். மாத முடிவுக்குள் நிறுவனம் அந்த ரொட்டியின் தயாரிப்பை நிறுத்தியது.